இன்ஃபிளேமபிள் என்றால் தீப்பிடிக்காது என்று அர்த்தமில்லை

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறம் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலம் அறவே தெரியாதவரை இந்தச் சொல் ஏமாற்றுவதில்லை. ஓரளவு தெரிந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். இன்கரெக்ட் என்றால் தவறானது, இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, இன்கம்ப்ளீட் என்றால் முழுமையடையாதது. அதே கணக்கில் இன்ஃபிளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையான பொருள் இதற்கு நேர் எதிரானது: எளிதில் தீப்பற்றக்கூடியது.

பெட்ரோல் லாரியைப் பொறுத்தவரை இந்தக் குழப்பத்தால் பெரிய கேடு வராது. உள்ளே இருப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் இருக்கும் தின்னர் டப்பா, பசை டின், ஸ்ப்ரே புட்டி போன்றவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. லேபிளில் இருக்கும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அடுப்புப் பக்கத்தில் வைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறோம். அங்கே பொருளைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

குழப்பத்துக்குக் காரணம், ஆங்கிலத்தில் 'இன்' என்ற முன்னொட்டு ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே லத்தீனிலிருந்து வந்தவை. ஒன்று 'இல்லை' என்று மறுப்பது. மற்றொன்று 'உள்ளே' என்ற பொருள் தருவது. இன்ஜெக்‌ஷன் என்று தினமும் சொல்கிறோமே, அதில் இருப்பது இந்த இரண்டாவது 'இன்'. மருந்தை உள்ளே செலுத்துவது என்றுதான் பொருள். செலுத்தாமல் இருப்பது என்று யாரும் நினைப்பதில்லை. இன்ஃபிளேம் என்ற வினைச்சொல்லும் அப்படித்தான். தீ மூட்டு, கொழுந்துவிடச் செய் என்பது அதன் பொருள். அதிலிருந்து பிறந்ததே இன்ஃபிளேமபிள்.

இந்தச் சொல்லில் தடுமாறுவது ஆங்கிலத்தைப் படித்துக் கற்றுக்கொண்ட நாம் மட்டுமல்ல, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும்தான். 1920-களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இன்ஃபிளேமபிள் என்பதைக் கைவிட்டு ஃபிளேமபிள் என்று எழுதும்படி வற்புறுத்தத் தொடங்கியது. பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனம் 1959-ல் அதே நிலைப்பாட்டை அறிவித்தது. பழைய சொல்லில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கைச் சொல் எத்தனை சரியாக இருந்தாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் அதனால் பயனில்லை என்று முடிவு செய்தார்கள். என்னைக் கேட்டால், மொழி விஷயத்தில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் இது ஒன்று.

இதிலிருந்து இன்னொரு பிழை முளைக்கிறது. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் இரண்டையும் எதிர்ச்சொற்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரே பொருள்தான். எதிர்ச்சொல் வேண்டுமென்றால் அது நான்ஃபிளேமபிள். இன்ஃபிளேமபிள் என்றால் இன்னும் வேகமாகப் பற்றிக்கொள்வது என்று சிலர் தரம் பிரிக்கிறார்கள், அதுவும் சரியல்ல.

கம்பஸ்டிபிள் என்ற சொல்லிடம்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். பேச்சு வழக்கில் அதுவும் 'எரியக்கூடியது'தான். தீப்பாதுகாப்பு விதிகளிலோ அதற்குத் தனி இடம் உண்டு. திரவம் நேரடியாக எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு எந்த வெப்பநிலையில் ஆவி எழத் தொடங்குகிறதோ, அதற்கு ஃபிளாஷ் பாயின்ட் என்று பெயர். பெட்ரோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அசிட்டோனுக்குச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி. டீசலுக்கு 50 டிகிரிக்கும் மேல். அமெரிக்காவில் நெடுங்காலம் 37.8 டிகிரியை எல்லைக்கோடாக வைத்திருந்தார்கள்: அதற்குக் கீழே இருந்தால் ஃபிளேமபிள், மேலே இருந்தால் கம்பஸ்டிபிள். இன்று பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வகைப்பாட்டிலோ 93 டிகிரி வரை உள்ள திரவங்கள் ஃபிளேமபிள் பிரிவுக்குள் வந்துவிடும். ஆகவே கம்பஸ்டிபிள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து இது அவ்வளவு ஆபத்தில்லை என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சூடேறினால் அதுவும் பற்றும்.

எச்சரிக்கைப் பலகையில் ஆளை ஏமாற்றும் உரிச்சொல் இது ஒன்றுதானா? பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற மொழியியலாளர் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக வேலை பார்த்தவர். அவர் கவனித்த ஒன்று இங்கே பொருந்தும். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்கள் அருகே கவனமாக நடந்துகொள்பவர்கள், 'எம்ப்டி' என்று சொல்லப்பட்ட காலிப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் சாவகாசமாகப் புகைபிடித்தார்கள். காலிப் பீப்பாயில் திரவம் இல்லையே தவிர, ஆவி நிறைந்திருக்கும். நிரம்பியதைவிட அதுவே ஆபத்தானது.

இன்ஃபிளமேட்டரி என்பது வேறு சொல். கலவரத்தைத் தூண்டும் பேச்சை அப்படிச் சொல்வார்கள். மருத்துவத்தில் வீக்கம், அழற்சி தொடர்பானதைக் குறிக்கும். 'அவருடைய பேச்சு இன்ஃபிளேமபிள்' என்று எழுதுவது பிழை. சட்டென்று கொதிக்கும் சுபாவத்தை இன்ஃபிளேமபிள் என்று சொல்லலாம். அந்த இடத்தில் ஃபிளேமபிள் ஒட்டாது, அது பொருட்களுக்கு மட்டுமே.

நீங்களே லேபிளோ அறிவிப்போ எழுதுவதாக இருந்தால் ஃபிளேமபிள், நான்ஃபிளேமபிள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்‌-இன்ஃபிளேமபிள் என்று எழுதிப் படிப்பவரைத் திணறடிக்க வேண்டாம். பக்கத்தில் 'எளிதில் தீப்பற்றும்' என்று தமிழிலும் எழுதி, தீச்சுடர் படத்தையும் போட்டுவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் அந்த டப்பாவைக் கவனமாகத் தொடுவார்.