ஆற்றோடு போய்க் கடலைப் பாருங்கள்: நெல்லைக் கரையில் மூன்று நாள்

சித்திரை பிறந்தால் பாளையங்கோட்டையில் எங்கள் வீடு நிறைந்துவிடும். ஒரு வருடம் சென்னையிலிருந்து வந்த அக்கா குடும்பம் குற்றாலம், கன்னியாகுமரி, திருச்செந்தூர் மூன்றையும் இரண்டே நாளில் சுற்றி வந்தது. கடைக்குட்டியிடம், “என்னடா பார்த்தாய்?” என்று கேட்டேன். “கார்” என்றான். எனக்கு வயிறு எரிந்தது. மறு வருடம் பயணத் திட்டத்தை நானே போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வழி. தாமிரபரணி போகும் போக்கிலேயே கடலுக்குப் போங்கள். பிறகு கரையோரமாகத் தெற்கே இறங்குங்கள். இந்தக் கரையின் வரலாற்றை எழுதியது ஆறுதான். அது கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகியது, துறைமுகங்கள் இடம் மாறின. நேராகத் திருச்செந்தூரில் போய் இறங்கினால் இதில் எதுவும் கண்ணில் படாது.

காலம் தை, மாசி என்றால் மிக நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையைக் கவனிக்காமல் கிளம்பவே கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. பௌர்ணமி, சஷ்டி நாட்களில் திருச்செந்தூரில் அறை கிடைப்பது அரிது. புரட்டாசியில் தசராவுக்கு வேடம் கட்டி வருகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் குலசேகரன்பட்டினத்துக்கு அந்தக் கூட்டத்தில் போகலாம்.

முதல் நாள் ஒரு காரோ வேனோ பேசிக்கொள்ளுங்கள். ஏறி இறங்க வேண்டிய இடங்கள் அதிகம். காலையிலேயே கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். ஒரே கல்லில் நிற்கும் ஆளுயரச் சிற்பங்களின் விரல் நகத்தைக்கூட விடாமல் பாருங்கள். நம் பக்கத்துக் கோயில்கள் பலவும் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது ஆதிச்சநல்லூர். பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த 114 ஏக்கர் மேட்டு நிலம் (பரம்பு) அது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு இரும்பு, வெண்கலப் பொருட்களும் நெற்றியில் கட்டும் பொன் பட்டங்களும் கிடைத்தன. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் மேல் நிற்கும்போது பேச்சு வராது. குழந்தைகளை அவசரப்படுத்தாதீர்கள்.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் புளியமரத்தைப் பார்த்துவிட்டு, ஏரல் வழியாகக் கொற்கைக்குப் போங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று வயலும் வாழையுமாக இருக்கிறது. கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கொற்கை தூர்ந்தபின் காயல், காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி. வாழைத்தோட்டத்து வரப்பில் நின்று இதைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இரவு திருச்செந்தூரில் தங்குங்கள். மறுநாள் விடியுமுன் கடலில் நீராடி, நாழிக்கிணற்றிலும் குளித்துவிட்டுத் தரிசனத்துக்குப் போகலாம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பன்னீர் இலையில் மடித்துத் தரும் திருநீற்றைக் கேட்டு வாங்குங்கள்.

மாலை நான்கு மணிக்குமேல் தேரிக்காட்டுக்குப் போங்கள். வெளியூர்க்காரர்கள் பலரும் விட்டுவிடும் இடம் இது, எனக்கோ மிகவும் பிடித்த இடம். கண்ணுக்கு எட்டிய வரை குங்கும நிறத்தில் மணல், நடுநடுவே பனையும் கொல்லாமரமும் (முந்திரி). உச்சி வெயிலில் மணல் காலைப் பொசுக்கும். ஆனி, ஆடிக் காற்றில் மண் பறந்து கண்ணை மறைக்கும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போனால், இந்த வறண்ட மணலுக்குள் சுனை ஊறுவதைக் காணலாம். தேரிக்குப் போகிறவர்கள் வழி தெரிந்த உள்ளூர் ஆட்டோக்காரரோடு போங்கள். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

பங்குனி, சித்திரையில் வந்தால் பனையேறிகளிடம் பனையோலைப் பட்டையில் பதநீர் குடிக்காமல் போகாதீர்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதை வெயில் ஏறுமுன் குடிக்க வேண்டும். நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுத்தால் காலை உணவே வேண்டாம்.

மூன்றாம் நாள் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீட்டி நிற்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், 1581இல் கட்டியது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தவர். அவர் தங்கிய குகை குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. அலை முரட்டுத்தனமாக அடிக்கும் இடங்களில் குளிக்க வேண்டாம். மீனவர்கள் எங்கே இறங்கச் சொல்கிறார்களோ அங்கே மட்டும் இறங்குங்கள். உவரியில் அந்தோனியார் கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே கரையில் இருக்கின்றன, இரண்டுக்கும் போங்கள்.

கடைசியாக இடையன்குடி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் வாழ்ந்த ஊர். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தவரும் அவர்தான். 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவர் வீடும் நினைவில்லமாக இருக்கிறது. திசையன்விளையில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, நாங்குநேரி வழியாக இருட்டுமுன் நெல்லைக்கு வந்துவிடலாம்.