பிழைப்புத் தேடி வருபவர்களுக்கு ஒரு கணக்கு மாதிரி போடுவது எப்படி?

மும்பையில் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். கிராமத்திலிருந்து நகரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்கும் மாதிரி (model) போடச் சொன்னால், பலரும் கூலி வித்தியாசத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. அந்தக் கூலி தனக்குக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று யோசித்துத்தான் ஊர்க்காரர் பஸ் ஏறுகிறார். ஜான் ஹாரிஸும் மைக்கேல் டோடாரோவும் 1970-ல் வெளியிட்ட மாதிரிக்கு அடித்தளமே இதுதான். எக்செல் தெரிந்தால் ஒரே மாலையில் போட்டுவிடலாம்.

எண்களைச் சும்மா கணக்குக்காக வைப்போம். ஊரில் மாத வருமானம் 9,000 ரூபாய். நகரத்தில் நிரந்தர வேலைக்கு 18,000. அப்படிப்பட்ட வேலைகள் 1,000. வேலை கிடைக்கும் வாய்ப்பு என்பது வேலைகளை நகரத்து ஆட்களால் வகுத்தது. அது 1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்பைக் கூலியால் பெருக்கினால் எதிர்பார்க்கும் வருமானம். அது 9,000-க்கு இறங்கும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதாவது வாய்ப்பு பாதியாகும்வரை, 2,000 பேர் சேரும்வரை.

இப்போது வேலைகளை 1,100 ஆக்குங்கள். ஆட்கள் 2,200 ஆகிறார்கள். 100 வேலை புதிதாக வந்தும் வேலையில்லாதவர்கள் 1,000-லிருந்து 1,100 ஆகிவிட்டார்கள்! வேலை கொடுத்தால் வேலையின்மை குறையும் என்று நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஆனால் தாராவியில் வளர்ந்த எனக்கு இந்த மாதிரியில் ஒரு குறை உடனே தெரியும். நிரந்தர வேலை இல்லாதவர் சும்மா இருப்பதில்லை. காலையில் நாக்காவில், அதாவது தினக்கூலிக்கு ஆள் எடுக்கும் தெருச் சந்திப்பில், போய் நிற்பார், மூட்டை தூக்குவார், தள்ளுவண்டி போடுவார். வேலைகளை மறுபடி 1,000 ஆக்கி, அந்த வருமானத்தை 6,000 என்று சேர்த்தால், வாய்ப்பு கால் பங்காகச் சரிந்த பிறகுதான் ஆட்கள் வருவது நிற்கும், ஆட்கள் 4,000. அப்புறம் வாடகை. நகரத்தில் எல்லோருக்கும் 3,000 கழியுங்கள். நிரந்தர வேலைக்காரர் கையில் நிற்பது 15,000, மற்றவர் கையில் 3,000. மறுபடி வாய்ப்பு பாதி, ஆட்கள் 2,000. வாடகையை விட்டுவிட்டுப் போட்ட மாதிரியை நான் நம்ப மாட்டேன்.

சரி, இதை ஆண்டுவாரியாக ஓட்டுவது எப்படி? ஒரு வரிசைக்கு ஓர் ஆண்டு. அடுத்த ஆண்டின் ஆட்கள் = இந்த ஆண்டின் ஆட்கள் + வேகம் × (எதிர்பார்க்கும் வருமானம் − ஊர் வருமானம்). வேகத்தை 0.05 என்று வையுங்கள்; அதாவது 1,000 ரூபாய் வித்தியாசத்துக்கு 50 பேர். 1,500 பேரில் தொடங்கினால், நாக்கா வருமானமும் வாடகையும் சேர்த்து எதிர்பார்ப்பு 11,000, வித்தியாசம் 2,000, முதல் ஆண்டு புதிதாக வருபவர்கள் 100 பேர். போகப் போக 2,000-ல் அடங்கும். வேகத்தை 1 ஆக்கினால் எண்கள் மேலும் கீழும் தாவும். அப்போது கோளாறு உங்கள் வேகத்தில்தான், ஜனங்களிடம் இல்லை.

பெரும்பாலும் உறவு இல்லாமல் யாரும் வருவதில்லை. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பைக்கு வந்ததற்குக் காரணம், அவருடைய பெரியப்பா மகன் தாராவியில் இருந்ததுதான். கூலி ஒன்றாக இருந்தும் பக்கத்து ஊர் காலியாகாமல் ஓர் ஊர் மட்டும் காலியாவது இதனால்தான். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் தனி வரிசை வையுங்கள். வேகத்தை, அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே இங்கே எத்தனை பேர் என்பதோடு சேர்ந்து ஏற விடுங்கள். ஊரில் மிச்சமிருக்கும் இளைஞர்களின் விகிதத்தாலும் பெருக்குங்கள். இல்லையென்றால் ஊரில் இல்லாத ஆட்களும் வந்துவிடுவார்கள்.

நிஜ எண்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இடப்பெயர்வு அட்டவணைகளை எடுங்கள். காரணம் வாரியாகப் பிரித்திருப்பார்கள். பெண்களில் பெரும்பாலோர் திருமணத்தால் இடம் மாறியவர்கள். அந்த எண்ணைக் கூலி மாதிரிக்குள் போட்டால் எல்லாம் கெட்டுவிடும். அதற்காக அந்தப் பெண்கள் வேலை பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களை நகரத்து ஆட்களின் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள், எத்தனை பேர் வருவார்கள் என்ற சமன்பாட்டில் மட்டும் சேர்க்காதீர்கள்.

கடைசியாக 2020 கொரோனா ஊரடங்கை வைத்துச் சோதியுங்கள். வேலைகளை 400 ஆக்கி, நாக்கா வருமானத்தைச் சுழியாக்கி, வாடகையை அப்படியே விடுங்கள். 2,000 பேர் இருக்கும்போது எதிர்பார்ப்பு 600 ரூபாய்க்கு விழும். அந்த ஆண்டு 420 பேர் ஊர் திரும்புவதாகக் கணக்கு காட்டும். அந்த மே மாதம், வெளியூர்த் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப விட்ட ஷ்ரமிக் ரயில்களில் ஏறிய கூட்டத்துக்கு இது மிகக் குறைவு, மெதுவும்கூட. எனவே திரும்பிப் போவதற்கு வேறு வேகம் வையுங்கள், வருவதை விடப் பெரியதாக. கால அளவையும் ஆண்டிலிருந்து வாரத்துக்கு இறக்குங்கள்.