ஈஈஜி பதிவில் உணர்வைக் கண்டறிய முதல் மாடல்: துண்டுகளைப் பிரிக்கும்போது கவனம்

பைத்தானும் நம்பையும் ஓரளவு தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிவு. ஈஈஜி என்பது தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி எடுக்கும் மூளை மின்சாரப் பதிவு.

முதலில் தரவு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் வழங்கும் டீப் (DEAP) தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள் (டீப் லேர்னிங் வேறு, இது வேறு). ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் தருவார்கள். 32 பேர், ஆளுக்கு 40 இசை வீடியோக்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பார்த்து முடித்ததும் 1 முதல் 9 வரை அவர்களே மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மனநிலை எவ்வளவு இனிமையானது என்பது வேலன்ஸ், எவ்வளவு கிளர்ச்சியானது என்பது அரவுசல். முதல் முயற்சிக்கு வேலன்ஸ் மட்டும் போதும்: 5-க்கு மேல் என்றால் 'அதிகம்', இல்லையென்றால் 'குறைவு'.

முன்பே சுத்தம் செய்த பைத்தான் கோப்புகளை இறக்குங்கள். பிக்கிள் வைத்துத் திறக்கும்போது என்கோடிங் 'லாட்டின்1' என்று கொடுக்காவிட்டால் பிழை வரும், ஏனென்றால் அவை பைத்தான் 2 காலத்துக் கோப்புகள். ஒவ்வொரு கோப்பும் 40 × 40 × 8064. நடுவில் இருக்கும் 40-இல் முதல் 32 சேனல்கள்தான் ஈஈஜி. மற்ற எட்டும் கண் அசைவு, தோல் மின்கடத்தல், மூச்சு போன்றவை, விட்டுவிடலாம். நொடிக்கு 128 மாதிரி, மொத்தம் 63 நொடி. முதல் 3 நொடி வீடியோவுக்கு முந்தையது, அதனால் 384 மாதிரிகளை வெட்டிவிடுங்கள்.

மீதி 60 நொடியை 4 நொடித் துண்டுகளாக்கினால் வீடியோவுக்கு 15 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் சைபையின் வெல்ச் முறையால் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று மதிப்பிடுவது) தீட்டா (4–8), ஆல்ஃபா (8–13), பீட்டா (13–30), காமா (30–45 ஹெர்ட்ஸ்) ஆகிய மூளை அலைப் பட்டைகளின் ஆற்றலைக் கணக்கிட்டு லாக் எடுங்கள். டெல்டாவைத் தேட வேண்டாம், 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏற்கெனவே வடிகட்டிவிட்டார்கள். 32 × 4 = 128 எண்கள். காமாவை முழுசாக நம்பாதீர்கள். சிரித்தாலோ பல்லைக் கடித்தாலோ முகத் தசையின் மின்சாரமும் அந்த இடத்தில்தான் விழும்.

இனி, நான் பல வாரங்கள் ஏமாந்த இடம். எல்லாத் துண்டுகளையும் கலைத்துப்போட்டு, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினேன். ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்த மாடல்) 90 சதவீதத் துல்லியத்தைத் தாண்டியது. சந்தேகம் வந்து, 40 வீடியோவுக்கும் காசு சுண்டிப் பூவா தலையா பார்த்துப் பொய் விடை கொடுத்தேன். அப்போதும் 80-க்கு மேல்! உணர்வே இல்லாத விடையை மாடல் எப்படிச் சரியாகச் சொல்லும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுதான் காரணம். ஒரே நிமிடத்தில் எடுத்த 15 துண்டுகளும் ஒரே பானைச் சோறு. எலெக்ட்ரோடு தலையில் ஒட்டியிருக்கும் விதம், தூக்கக் கலக்கம், தசை இறுக்கம் எல்லாம் அவற்றில் ஒன்றாகவே இருக்கும். பயிற்சியில் பன்னிரண்டைப் பார்த்த மாடல் மீதி மூன்றை அடையாளம் கண்டுகொள்கிறது. அது கண்டுபிடிப்பது வீடியோவைத்தான், உணர்வை அல்ல.

தீர்வு சைக்கிட்-லேர்னில் உள்ள குரூப்கேஃபோல்டு. ஒரே குழுவின் துண்டுகளைப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று அது பிரிக்காது. ஒருவருக்குள் சோதிப்பதென்றால் வீடியோ எண்ணைக் குழுவாகக் கொடுங்கள். புதிய ஆளிடம் வேலை செய்யுமா என்று பார்க்க ஆளின் எண்ணைக் கொடுங்கள். எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஸ்கேலரையும் பைப்லைனுக்குள் வையுங்கள், அப்போதுதான் அது பயிற்சித் துண்டுகளை மட்டும் பார்க்கும். அப்புறம் அதே பூவா தலையாச் சோதனையைச் சில முறை ஓட்டுங்கள். சராசரி 50-ஐ ஒட்டி வந்தால் பிரிப்பு சரி. எனக்கு உண்மையான விடைகளிலேயே ஐம்பதுகளின் பிற்பகுதிதான் வந்தது. அந்தச் சிறிய எண்ணை நான் நம்புகிறேன். அதைப் பார்க்கும் முன் நியூரல் நெட்வொர்க் பக்கம் போகாதீர்கள், லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய மாடலே போதும்.

பின்சேர்க்கை: குழுவாகப் பிரித்தும் ஒருவருக்கு மட்டும் 70 வருகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் எடுத்த ஆளின் மதிப்பெண்களில் பெரும்பாலானவை 5-க்கு மேல் இருந்தன, மாடலும் எல்லாவற்றுக்கும் 'அதிகம்' என்றே சொல்லியிருந்தது. அக்யூரசிக்குப் பதில் பேலன்ஸ்டு அக்யூரசியைப் பாருங்கள் ('அதிகம்', 'குறைவு' இரண்டிலும் தனித்தனியாக எத்தனை சதவீதம் சரி என்று பார்த்து எடுக்கும் சராசரி). அதில் இப்படிச் சொல்லும் மாடலுக்கு 50-தான் கிடைக்கும்.