நண்பரோடு கேம் லைப்ரரியைப் பகிர்வது எப்படி: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச்

டிஸ்க்கில் வாங்கிய கேமை முடித்ததும் நண்பரிடம் கொடுத்துவிடலாம். டிஜிட்டலாக வாங்கியது அப்படிக் கைமாறாது, வாங்கியவர் அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆனாலும் இரண்டு நண்பர்கள், இரண்டு கன்சோல், இரண்டு லைப்ரரி என்றால், இருவருமே இரண்டு லைப்ரரியையும் விளையாடலாம். ஒரே கேமை ஒரே நேரத்தில் சேர்ந்துகூட விளையாடலாம், ஒருவர் வாங்கினால் போதும். நானும் என் நண்பரும் இப்போது இப்படித்தான் விளையாடுகிறோம். கோ-ஆப் கேம் (ஒரே அணியாகச் சேர்ந்து விளையாடுவது) என்றால் யார் வாங்குவது என்று முதலில் பேசிக்கொள்கிறோம்.

கன்சோலை ஆன் செய்வது, அக்கவுன்ட் தொடங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் வாங்கிய ஒரு டிஜிட்டல் கேமைக் கன்சோல் இரண்டு வழிகளில் அனுமதிக்கிறது.

ஒன்று, அக்கவுன்ட் வழி. நீங்கள் எந்தக் கன்சோலில் லாகின் செய்தாலும், இணையம் இருக்கும்வரை உங்கள் கேம் ஓடும்.

இன்னொன்று, கன்சோல் வழி. உங்கள் அக்கவுன்ட்டுக்கு ஒரு கன்சோலை மட்டும் 'இதுதான் என் கன்சோல்' என்று குறித்து வைக்கலாம். அந்தக் கன்சோலில் யார் லாகின் செய்து உட்கார்ந்தாலும் உங்கள் கேம்கள் ஓடும், இணையம் இல்லாவிட்டாலும் ஓடும். பிஎஸ்4-இல் (பிளேஸ்டேஷன் 4) இதற்குப் பெயர் 'பிரைமரி', பிஎஸ்5-இல் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே', எக்ஸ்பாக்ஸில் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்'.

உங்கள் சொந்தக் கன்சோலில் இந்த இரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன. உங்களுக்கு ஒன்றே போதும். ஆகவே கன்சோல் வழியை நண்பரின் கன்சோலுக்குக் கொடுத்துவிட்டு, அக்கவுன்ட் வழியை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள். நண்பரும் அதையே உங்களுக்குச் செய்கிறார். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதியை நீங்களே தீர்த்துவிடுவீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வசதி ஒரே வீட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து வந்தது. அக்கவுன்ட் உங்கள் தனிப்பட்டது, பாஸ்வேர்டை யாரிடமும் தரக்கூடாது என்பதுதான் நிறுவனங்களின் விதி. எனவே நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒருவரோடு மட்டும் செய்யுங்கள். பாஸ்வேர்டை அவரிடமும் சொல்லாதீர்கள், அதற்குத் தேவையும் இல்லை. பிஎஸ்5 லாகின் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும், உங்கள் ஃபோனில் ஸ்கேன் செய்து நீங்களே உள்ளே போகலாம். எக்ஸ்பாக்ஸ் ஒரு கோடு எண்ணைக் காட்டும், அதை உங்கள் ஃபோன் பிரவுசரில் போட்டால் போதும்.

தொடங்கும் முன்

இருவருமே இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸை விட ஆதென்டிகேட்டர் செயலியையே நான் பரிந்துரைப்பேன். சிம் மாறினாலும் தொலைந்தாலும் எஸ்எம்எஸ் உங்களைக் கைவிட்டுவிடும். பேக்கப் கோடுகளை எழுதி வையுங்கள்.

அடுத்தது பணம். உங்கள் அக்கவுன்ட் இனி இன்னொருவர் வீட்டுக் கன்சோலில் இருக்கப் போகிறது. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கலாம், கன்ட்ரோலரில் எந்த பட்டனை அழுத்துகிறார்கள் என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஸ்டோரில் சேமித்து வைத்த கார்டை நீக்கிவிடுங்கள். தேவைப்படும்போது வாலட்டில் பணம் ஏற்றி வாங்குவதுதான் எனக்குப் பிடித்த முறை. கார்டு இருந்தே ஆக வேண்டும் என்றால், வாங்கும்போது ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட் செய்யுங்கள்.

பிஎஸ்5

1. உங்கள் கன்சோலில் உங்கள் யூசரில் நுழைந்து, செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ், அதர், கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே. இதை ஆஃப் செய்யுங்கள். நண்பரும் தன் கன்சோலில் தன் யூசரில் இதையே செய்யட்டும்.

2. நண்பரின் கன்சோலில் 'ஆட் யூசர்' கொடுத்து உங்கள் அக்கவுன்ட்டில் லாகின் செய்யுங்கள். விருந்தினராக நுழையும் வழியும் அங்கே இருக்கும், அதைத் தொடாதீர்கள். விருந்தினர் யூசர் வெளியேறியதும் அழிந்துவிடும்.

3. அங்கே உங்கள் யூசரில் அதே மெனுவுக்குப் போய் இப்போது ஆன் செய்யுங்கள். நண்பர் உங்கள் கன்சோலில் தன் அக்கவுன்ட்டுக்கு இதையே செய்கிறார்.

4. நண்பரின் கன்சோலில் உங்கள் யூசரில் இருந்தபடியே கேம் லைப்ரரிக்குப் போய், அவருக்கு வேண்டியதை டவுன்லோடு போடுங்கள்.

5. டவுன்லோடு முடிந்ததும் நண்பர் தன் யூசருக்கு மாறி கேமைத் திறக்க வேண்டும்.

இந்த ஐந்தாவது படியில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேம் டவுன்லோடு ஆன யூசரிலேயே விளையாடத் தொடங்கிவிடுவது இயல்பு, ஏனென்றால் திரையில் அதுதான் திறந்திருக்கிறது. அப்படி நண்பர் உங்கள் யூசரில் விளையாடினால் சேவ், டிராஃபி எல்லாம் உங்கள் பெயரில் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே அக்கவுன்ட்டை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்று கன்சோல் எடுத்துக்கொண்டு ஒருவரை வெளியே தள்ளிவிடும். நண்பர் எப்போதும் தன் யூசரில்தான் விளையாட வேண்டும். உங்கள் யூசர் அங்கே இருப்பது டவுன்லோடு செய்வதற்கும் உரிமத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கும் மட்டுமே.

நண்பர் தன் யூசருக்கு மாறியதும் கேம் மேல் பூட்டுக் குறி தெரிகிறதா? பதறி கேமை அழிக்க வேண்டாம். நூறு ஜிபியைத் தாண்டும் கேமை மறுபடி இறக்குவது யாருக்கும் சுகமில்லை. உங்கள் யூசரில் ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், அதே 'அதர்' மெனுவில் 'ரிஸ்டோர் லைசென்சஸ்' இருக்கும். உங்கள் யூசரில் அதைக் கொடுத்துவிட்டு, கன்சோலை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பெரும்பாலும் பூட்டு போய்விடும்.

பிஎஸ்4 என்றால் செட்டிங்ஸ், அக்கவுன்ட் மேனேஜ்மென்ட், ஆக்டிவேட் அஸ் யுவர் பிரைமரி பிஎஸ்4. மற்றதெல்லாம் அதே கதை. ஓர் அக்கவுன்ட்டுக்கு ஒரு பிஎஸ்4, ஒரு பிஎஸ்5 என்று தனித்தனியாகக் குறிக்கலாம் என்பது இங்கே ஒரு வசதி. பிஎஸ்5 வைத்திருக்கும் உங்களுக்கு, பிஎஸ்4 வைத்திருக்கும் நண்பர் இருந்தால், எதையும் இழக்காமல் உங்கள் பிஎஸ்4 கேம்களை அவருக்குக் கொடுத்துவிடலாம்.

பிஎஸ் பிளஸ் சந்தா ஒருவரிடம் இருந்தால், அதில் வரும் கேம்களும் ஆன்லைன் மல்டிபிளேயரும் ஷேரிங் ஆன் ஆன கன்சோலில் மற்றவருக்கும் கிடைக்கும். கிளவுட் சேவ் மட்டும் சந்தாக்காரருக்கே.

எக்ஸ்பாக்ஸ்

இது சுலபம். நண்பரின் கன்சோலில் உங்கள் அக்கவுன்ட்டைச் சேர்த்து, செட்டிங்ஸ், ஜெனரல், பெர்சனலைசேஷன், மை ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்று போய் அதை உங்கள் ஹோம் ஆக்குங்கள். பழைய ஹோம் தானாகவே நீங்கிவிடும். நண்பர் உங்கள் கன்சோலில் இதையே செய்வார். பிறகு அவரவர் ப்ரொஃபைலில் இருந்தே லைப்ரரியைத் திறந்து இன்ஸ்டால் செய்யலாம். கேம் பாஸ் சந்தா ஒருவரிடம் இருந்தாலும் கன்சோலில் இருவரும் விளையாடலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஹோம் மாற்றம் 12 மாதங்களுக்கு 5 முறை மட்டுமே. சும்மா சோதித்துப் பார்க்க மாற்றி மாற்றி வைத்தால் தீர்ந்துவிடும், பிறகு காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வரம்புகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். பிஎஸ்3 காலத்தில் ஒரு கேமை 5 கன்சோல்களில் ஆக்டிவேட் செய்ய முடிந்தது. நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே பிரதியை வாங்கினார்கள். 2011 நவம்பரில் சோனி அதை 2 ஆகக் குறைத்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013-இல் அறிவிக்கப்பட்டபோது 10 குடும்ப உறுப்பினர்கள்வரை பகிரலாம் என்றார்கள், ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு ஜூனில் இரண்டையும் கைவிட்டார்கள். அந்தப் பகிர்வுத் திட்டம் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும், எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

ஸ்விட்ச்

நின்டெண்டோவின் வழி வேறு. 2025 ஏப்ரல் இறுதியில் வந்த அப்டேட்டிலிருந்து டிஜிட்டல் கேம்கள் 'வர்ச்சுவல் கேம் கார்டு' ஆகிவிட்டன. ஒரு கார்டு ஒரு நேரத்தில் ஒரு கன்சோலில்தான் இருக்கும். ஒன்றிலிருந்து எஜெக்ட் செய்து இன்னொன்றில் லோடு செய்யலாம், லோடு ஆன கன்சோலில் யார் வேண்டுமானாலும் விளையாடலாம். இப்படி ஓர் அக்கவுன்ட்டுக்கு 2 கன்சோல்கள்வரை. முதல் முறை இணைக்கும்போது இரண்டு கன்சோலும் அருகருகே இருக்க வேண்டும், அதன்பின் இணையம் போதும்.

குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்கு 14 நாள் கடன் கொடுக்கும் வசதியும் உண்டு. குழுவில் 8 அக்கவுன்ட்டுகள்வரை சேர்க்கலாம், ஓர் உறுப்பினருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேம். கொடுக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், 14 நாள் முடிந்ததும் கேம் தானாகவே திரும்பிவிடும். கடன் வாங்கியவரின் சேவ் அவர் கன்சோலிலேயே பத்திரமாக இருக்கும். ஆனால் கொடுத்த நாட்களில் அந்தக் கேமை நீங்கள் விளையாட முடியாது. சேர்ந்து விளையாட இது உதவாது, முடித்த கேமைக் கைமாற்ற அருமையான வழி.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும், மாற்றிக்கொண்ட பிறகு உங்கள் சொந்தக் கேம்களுக்கு இணையம் கட்டாயம். இணையம் போனால் உங்கள் கன்சோலில் நண்பரின் கேம்கள் ஓடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கியவை ஓடாது! இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடமென்றால் இந்த ஏற்பாடே வேண்டாம் என்பேன். வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் போடுங்கள். உரிமச் சரிபார்ப்பு நேரத்தில் ஒரு நொடி இணைப்பு தடுமாறினாலும் கேம் திறக்காமல் போகலாம்.

கேமுக்குள் வாங்கும் நாணயங்கள், பாயின்ட்டுகள் பகிரப்படாது, வாங்கியவருக்கே. டிஎல்சி, அதாவது கேமுக்கு மேல் தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகள், பெரும்பாலும் பகிரப்படும். ஆனால் பிளேஸ்டேஷனில் கேமும் டிஎல்சியும் ஒரே நாட்டு ஸ்டோரில் வாங்கியவையாக இருக்க வேண்டும். நண்பரின் அக்கவுன்ட் வேறு நாட்டில் தொடங்கியது என்றால், கேம் யாருடையதோ அவரே டிஎல்சியையும் வாங்கட்டும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"எனக்கும் நண்பருக்கும் சரியாக ஓடுகிறது, என் தம்பி யூசரில் மட்டும் என் கேம்கள் எல்லாம் பூட்டிவிட்டன." இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்குப் பலர் கேட்டுவிட்டார்கள். காரணம் மேலே சொன்ன இரண்டு வழிதான். உங்கள் வீட்டுக் கன்சோல் இப்போது உங்கள் அக்கவுன்ட்டின் ஹோம் அல்ல. அதில் உங்கள் கேம்கள் உங்கள் லாகினுக்கு மட்டுமே. தம்பி தன் யூசரில் நண்பரின் கேம்களை விளையாடலாம், உங்களுடையதை முடியாது. எக்ஸ்பாக்ஸில் உங்கள் ப்ரொஃபைலும் கூடவே லாகின் ஆகியிருந்தால் அவர் விளையாட முடியும். அப்போது நீங்கள் வேறு கன்சோலில் லாகின் செய்யாமல் இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே கன்சோலை வைத்து விளையாடுகிறீர்கள் என்றால், நண்பரோடு மாற்றிக்கொள்ளும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நண்பர் சொல்லாமல் கன்சோலை விற்றுவிட்டார்." பிளேஸ்டேஷன் என்றால் பிரவுசரில் உங்கள் அக்கவுன்ட்டுக்குள் போய், டிவைஸ் மேனேஜ்மென்ட்டில் எல்லாக் கன்சோலையும் ஒரேயடியாக நீக்கலாம். இது 6 மாதத்துக்கு ஒருமுறைதான், எனவே அவசரத்துக்கு மட்டும். எக்ஸ்பாக்ஸ் என்றால் வேறொரு கன்சோலை ஹோம் ஆக்கினாலே பழையது போய்விடும், 5-இல் ஒன்று குறையும். பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். விற்பதற்கு முன் இருவரும் அவரவர் அக்கவுன்ட்டை நீக்கிவிட்டால் இந்த எதுவும் தேவைப்படாது.

"பகிர்ந்த கேமில் நண்பர் ஏமாற்றி விளையாடினால்?" அவர் அவருடைய யூசரில் விளையாடுவதால் தடை முதலில் அவர் மேல் விழும். ஆனால் அவர் அக்கவுன்ட்டே முடக்கப்பட்டால் அவர் லைப்ரரி உங்கள் கன்சோலிலும் கிடைக்காமல் போகலாம். அப்படிப்பட்டவரோடு சேராதீர்கள்.

"நாங்கள் மூன்று பேர்." ஒரு கன்சோல் பல அக்கவுன்ட்டுகளுக்கு ஹோம் ஆகலாம், ஆனால் ஓர் அக்கவுன்ட்டுக்கு ஒரு ஹோம்தான். ஆகவே வட்டமாக வைக்கலாம்: முதலாமவர் அக்கவுன்ட் இரண்டாமவர் கன்சோலில், இரண்டாமவருடையது மூன்றாமவரிடம், மூன்றாமவருடையது முதலாமவரிடம். ஒவ்வொருவருக்கும் தன்னுடையதோடு இன்னொரு லைப்ரரி மட்டும் கிடைக்கும், மூன்றும் கிடைக்காது. மூவரும் சேர்ந்து விளையாட வேண்டிய கேம் என்றால் குறைந்தது இரண்டு பிரதி வாங்க வேண்டும். ஒருவர் வாங்கியது வட்டத்தில் அடுத்தவருக்கு மட்டுமே போகும், மீதி இருப்பவர் தனியாக வாங்கிக்கொள்ளட்டும்.