புது வளவில் தோட்டம்: வேலியிலும் மரம் வைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுவீடு கட்டுகிறவர்கள் தோட்டத்தைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வீடு, மலசலகூடக் குழி, மதில் எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய மண்ணில் நாலு கன்று. யாழ்ப்பாணக் கணக்கில் இரண்டு பரப்பு வளவென்றால் 20 பேர்ச், அதாவது எட்டில் ஒரு ஏக்கர்தான். அதில் இடம் பிசகி வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பத்து வருடம் கழித்து நகர்த்த முடியாது. கன்று வாங்குமுன் காற்றும் வெயிலும் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் தோட்டத்தை வாட்டுவது சோளகக் காற்று. வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் தென்மேற்கிலிருந்து வீசி வாழையிலையைக் கிழித்து, மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இதற்கு மதில்தான் மருந்து என்று பலர் நினைப்பது பெரிய தவறு. மதிலில் மோதிய காற்று மேலெழும்பி, அப்பால் சுழன்று விழும். உயிர்வேலியோ காற்றை ஊடுருவவிட்டு வேகத்தை மட்டும் குறைக்கும். காசு இருக்கிறதென்று நாலு பக்கமும் சீமெந்துக் கல் அடுக்குவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. தெருப்பக்கம் மதில் கட்டினாலும் தெற்கிலும் மேற்கிலும் கதியால், அதாவது தடி நட்டுத் தழைக்கவிடும் உயிர்வேலி, போடுங்கள்.

கதியாலைக் கோடையில் நட்டால் பட்டுப்போகும். ஐப்பசி மழையோடு நட வேண்டும். முற்றிய, கைத்தடிப்பான தடிகளாக எடுத்து, ஓரடி ஆழத்தில், ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, குறுக்கே வரிச்சுத் தடி பிடித்து இறுகக் கட்டுங்கள். தழைத்து வரும்வரை கிடுகோ பனையோலையோ மறைப்புக்குப் போதும். ஒரே இனத்தை நட்டால் ஒரு நோய் வந்ததும் முழு வேலியும் போய்விடும். கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு என்று கலந்து நடுங்கள். வெட்டும் குழை ஆட்டுக்கும் ஆகும், தென்னையடியில் பசளையாகத் தாழ்க்கவும் ஆகும். பூவரசை மட்டும் கிணற்றுக் கட்டுக்கும் மதிலுக்கும் தள்ளி வையுங்கள், அதன் வேர் பொல்லாதது. நடுமுன் எல்லைக்கல்லை நில அளவையாளரைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். அரை அடிக் கதியாலுக்காக அயலோடு பகைக்க வேண்டாம்.

ஆடுமாடு கடிக்காது என்பதற்காக மஞ்சள் அலரியை வேலியாக வைப்பவர்கள் உண்டு. அதன் விதை இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு. பிள்ளைகள் விளையாடும் வளவில் அது வேண்டவே வேண்டாம்.

மரக்கறிப் பாத்திக்குத் தெற்கே உயர்ந்த மரம் வைப்பது அடுத்த தவறு. மாரிகாலத்தில், நாம் கத்தரியும் மிளகாயும் வைக்கும் நேரத்தில், சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். மார்கழி நண்பகலில் 30 அடி மரத்தின் நிழல் வடக்கே 20 அடிக்கு விழும். மாவையும் தென்னையையும் வடக்கே தள்ளுங்கள். தென்னைக்குத் தென்னை 26 அடியாவது விடுங்கள். தெற்கு வேலியை ஆளுயரத்தில் கவ்வாத்துப் பண்ணினால் காற்றும் தணியும், வெயிலும் விழும்.

வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண்ணுக்கு அடியில் சீக்கிரமே சுண்ணாம்புக்கல் தட்டும். குழி தோண்டிப் பார்த்து மரத்துக்கு இடம் குறியுங்கள். அந்தக் கல்லின் வெடிப்புகளூடாகத்தான் மலக்குழிக் கழிவும் அளவுமீறிப் போட்ட யூரியாவும் கிணற்றுக்குப் போகின்றன. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடிக்குக் குறையக்கூடாது, கூடினால் நல்லது. கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் வாழைக்கு ஓடட்டும், ஆனால் கிணற்றை ஒட்டித் தேங்கக்கூடாது.

வாசல் படலையையும் ஒடுக்கமாக வைத்துவிடாதீர்கள். மாட்டெரு ஏற்றிய லான்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியோடு உள்ளே வந்து திரும்ப இடம் வேண்டும்.