ஒப்படைக்கு எழுத்துரு எடுக்கும்போது

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் டிசைன் படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு விசயம். பென் டிரைவில் கைமாறி வரும் ஃபொன்ட் கோப்புறையை அப்படியே இன்ஸ்டோல் பண்ணாதீர்கள். அதில் காசுக்கு விற்கும் எழுத்துருக்களும் கலந்து கிடக்கும். 'படிப்புக்குத்தானே' என்றாலும் உரிமம் மாறாது. வரைந்தவருக்கும் அதுதானே சோறு?

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், பாலூ தம்பி, மீரா இனிமை எல்லாம் ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமத்தில் கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிடலாம், பிடிஎஃப்பில் பொதிக்கலாம், டிசைனை விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது, அவ்வளவுதான்.

வேறு தளத்தில் எடுத்தால் கூடவே வரும் உரிமக் கோப்பைத் திறந்து பாருங்கள். 'தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்' என்றிருந்தால் கவனம். ஒப்படைக்குச் சிலவேளை சரிவரலாம். அதே எழுத்துருவில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நோட்டீஸ் செய்து காசு வாங்கினால் சரிவராது.

அப்புறம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்ததை, இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித்தான் நோட்டோ போன்ற இந்த எழுத்துருக்களில் ஒட்ட வேண்டும். மாற்றியதும் ஸ்ரீ, க்ஷ எழுத்துகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.