இரண்டு மாடலும் பொருந்துகிறதா? சோதனைத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரியாக்டரை ஓட்டுகிறோம், மணிக்கொரு சாம்பிள் எடுக்கிறோம், புள்ளிகள் மேல் வளைகோடு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் மாடல், அதாவது ரியாக்டரில் நடப்பதை விவரிக்கும் சமன்பாடு, சரி என்று முடிவு கட்டுகிறோம். அதே புள்ளிகளில் இன்னொரு மாடலும் அதே கச்சிதத்தோடு உட்காருமா என்று பார்ப்பவர்கள் குறைவு. பெரிய தவறு இதுதான். அதுவும் சோதனைக்கு முன்பே பார்க்க வேண்டியது.

ஃபெர்மென்டரில் (நுண்ணுயிர்களை வளர்க்கும் கலனில்) செல் வளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். மோனோ சமன்பாட்டில் வளர்ச்சி வேகம் சர்க்கரைச் செறிவை மட்டுமே பொறுத்தது. வேகம் உச்சத்தில் பாதியாகும் 'அரைச்செறிவு' ஒரு மாறிலி. 1959-இல் வந்த கான்டுவா சமன்பாட்டில் அந்த அரைச்செறிவு செல் அடர்த்திக்கு ஏற்ப உயரும்; எந்த விகிதத்தில் என்பதுதான் கான்டுவா மாறிலி. இரண்டும் சொல்லும் கதை வேறு. ஆனால் சாதாரண பேட்ச் ஓட்டத்தில் (எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே போட்டுவிட்டு ஓட்டுவது), செலவாகும் சர்க்கரைக்கு இவ்வளவு செல் என்ற விளைச்சல் விகிதம் மாறாமல் இருந்தால், செல் அடர்த்தியை மீதிச் சர்க்கரையை வைத்தே எழுதிவிடலாம். அதைக் கான்டுவா சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: அச்சு அசல் மோனோ வடிவம் வந்து நிற்கும், மாறிலிகளின் மதிப்பு மட்டும் வேறு. (கான்டுவா மாறிலியையும் விளைச்சல் விகிதத்தையும் பெருக்கினால் 1-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.)

ஆக, அதே தொடக்க நிலையில் எத்தனை தடவை ஓட்டினாலும், நொடிக்கொரு சாம்பிள் எடுத்தாலும் இவற்றைப் பிரிக்கவே முடியாது. தொடக்கச் சர்க்கரையைப் பல மடங்கு மாற்றி இன்னொரு பேட்ச் ஓட்டினால் குட்டு வெளிப்படும். கான்டுவா உண்மையென்றால், மோனோவைப் பொருத்திப் பெறும் அரைச்செறிவு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். இதைக் கண்டுபிடிக்கக் காகிதமும் பேனாவும் போதும், ரியாக்டர் வேண்டாம்.

சரி, மாடல்களின் கணிப்புகள் அதிகம் விலகும் இடத்தில் சோதனை செய்தால் போதுமா? 1965-இல் ஹன்டரும் ரெய்னரும் சொன்ன வழி அதுதான். அதை அப்படியே பிடித்துக்கொண்டால் ஒரு வம்பு இருக்கிறது. விலகல் பெரிதாகத் தெரியும் இடம், பெரும்பாலும் கணிப்பே ஆடிக்கொண்டிருக்கும் இடம். மாறிலிகளைச் சற்று நகர்த்தினால் அந்த விலகல் காணாமல் போகும். 1967-இல் பாக்ஸும் ஹில்லும் கொடுத்த அளவுகோல் கணிப்பின் நிச்சயமின்மையையும் அளவீட்டுப் பிழையையும் கணக்கில் சேர்த்தது. விலகலை எப்போதும் இந்த இரண்டோடும் ஒப்பிட்டே பாருங்கள்.

அடுத்தது, தொடக்க ஊகத்தைக் கண்மூடி நம்புவது. முதல் வரிசைச் சிதைவில் (சிதையும் வேகம் மீதிச் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது) வேக மாறிலி நிமிடத்துக்கு 0.1 என்று வையுங்கள். அளவீட்டுப் பிழை எங்கும் ஒரே அளவென்றால், ஒரே ஒரு சாம்பிள் எடுக்கச் சிறந்த நேரம் 10-வது நிமிடம், அதாவது மாறிலியின் தலைகீழ். 0.05 என்று ஊகித்து 20-வது நிமிடத்தில் எடுத்தால், சிறந்த நேரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 54 சதவீதத் தகவல்தான் கிடைக்கும். 0.02 என்று ஊகித்து 50-வது நிமிடத்தில் எடுத்தால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. விடை தெரிந்தால்தான் நல்ல சோதனையைத் திட்டமிட முடியும் என்ற இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழி, எல்லா ஓட்டங்களையும் முன்கூட்டியே பூட்டிவிடாமல், ஒன்றை முடித்து மாறிலிகளைத் திருத்தி அடுத்ததைத் திட்டமிடுவதுதான்.

வேக மாறிலி வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று சொல்வது அர்ரீனியஸ் சமன்பாடு; ஒரே வெப்பநிலையில் ஓட்டிவிட்டு அதன் இரண்டு மாறிலிகளையும் கேட்பதும் தவறுதான். வெப்பநிலையை மாற்றாமல் அவை பிரியாது. சென்சார் நொடிக்கொரு எண் தருவதால் தகவல் பெருகிவிட்டது என்று எண்ணுவதும் அப்படித்தான். அடுத்தடுத்த அளவீடுகளின் பிழைகள் ஒன்றையொன்று ஒட்டியே வரும்.

கடைசியாக, போட்டியில் இருக்கும் மாடல்களில் ஒன்று கட்டாயம் சரி என்று நினைத்துக்கொள்வது. இரண்டு தவறான மாடல்களை மோதவிட்டாலும் ஒன்று ஜெயிக்கும். ஒரே நிலையில் சில ஓட்டங்களைத் திரும்பச் செய்து அளவீட்டுப் பிழையைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஜெயித்த மாடலின் எச்சம் (கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசம்) அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால், அந்த மாடலையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.